சாக்குக்குள் ஜூபல்

ஜூபல் என்ற நாய் ஒரு கோதுமைச் சாக்குக்குள் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தது. 1957 நவம்பர் இரண்டாம் வாரம் உள்ளே போனது, 1966 நவம்பரில்தான் வெளியே வந்தது. நடுவில் சாப்பிடவில்லை, குரைக்கவில்லை, ஒருநாள்கூட வயது ஏறவில்லை. வர்ஜீனியா மலைகளில் லாரல் ஓடைப் பள்ளத்தாக்கில் இதைப் பார்க்காதவர் தபால்காரர் ஒருவர்தான். அவருக்கும் மலையேற முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

சாக்கில் ஒரு அதிசயமும் கிடையாது. இலையுதிர்காலத்தில் வான்கோழி வேட்டைக்குப் போகிறவர் எல்லாரிடமும் அங்கே அப்படி ஒன்று இருக்கும். கூட்டமாக மேய்கிற காட்டு வான்கோழிகளுக்கு நடுவே நாய் பாய்ந்து, குரைத்து, நாலா பக்கமும் சிதறடிக்கும். வான்கோழிக்குத் தனியாக இருக்கப் பிடிக்காது. ஒரு மணி நேரத்தில் சிதறின இடத்துக்கே திரும்பி ஒன்றையொன்று கூப்பிடும். அதற்குள் வேட்டைக்காரர் அங்கே ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பெட்டை வான்கோழியின் சிறகெலும்பில் செய்த குழலை உதட்டில் வைத்து, அதே குரலில் கூப்பிட வேண்டும். நாய் பக்கத்தில் சாக்குக்குள் கழுத்துவரை புகுந்து, காதைக்கூட ஆட்டாமல் இருக்க வேண்டும். வேட்டுச் சத்தம் கேட்டால்தான் வெளியே வரலாம். இதை முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்ளாத நாயை ஆடு மேய்க்க அனுப்பிவிடுவார்கள்.

ஜூபல் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டது. அதன் எஜமானர் ஹோபர்ட் ரெக்ஸ்ரோடு நாற்பது வருடத்தில் ஏழு நாய்கள் வைத்திருந்தவர். மற்ற ஆறின் பெயரையும் ஜூபல் வந்தபிறகு மறந்துவிட்டார். காட்டுத் திராட்சைக் கொடிக்கடியில் கௌதாரி பதுங்கியிருந்தால் ஜூபல் ஒரு முன்காலைத் தூக்கியபடி நின்றுவிடும். ஹோபர்ட் புகைக்குழாயை அடைத்து, பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வந்து சேரும்வரை அந்தக் கால் தரையில் படாது. பனி உருகின இலைகளின் மேல் அந்த வெள்ளையும் பழுப்புமான முதுகு முன்னே போய்க்கொண்டிருந்த காலைகள் எத்தனை என்று ஹோபர்ட் எண்ணியதில்லை. எண்ணுகிற அளவுக்குக் குறைந்துவிடும் என்று அவர் நினைத்ததும் இல்லை.

ஜூபலுக்குப் பதின்மூன்று வயதானபோது, கால்நடை மருத்துவர் நாயின் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு மேல் தாங்காது என்றார். மறுநாள் ஹோபர்ட் அதை மலைக்குக் கூட்டிப்போனார். பாதி தூரம் தோளில் சுமந்துதான். அப்படியும் அது ஒரு கூட்டத்தைச் சிதறடித்தது; மூச்சிரைக்கத் திரும்பிவந்து சாக்குக்குள் புகுந்தது. ஹோபர்ட் கூப்பிட்டார், கோழிகள் வந்தன. இருபதடியில் ஒரு சேவல், மார்பில் தொங்கும் மயிர்த்தாடி தரையைத் தொட, குறி வைக்க வசதியாக நின்றது. விசையில் விரலை வைத்தவர் ஒரு கணம் நாயைப் பார்த்தார். சுட்டால் இதுதான் கடைசி வேட்டு என்று தோன்றியது. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் செய்த தவறு அதுதான். வேட்டுச் சத்தம் கேட்கவில்லை, ஆகவே ஜூபல் வெளியே வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார், பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியைக் காட்டினார், கெஞ்சினார். அது கோழிகள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே இருந்தது. கிறிஸ்துமஸ் போனது. மருத்துவர் மேலே ஏறிவந்து, நாயின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, கால் மணிக்கொரு தரம் இதயம் துடிக்கிறது, ஆனால் ஒழுங்காகத் துடிக்கிறது என்றார். "இப்பிடி உக்காந்திருக்கிற வரைக்கும் இதுக்குச் சாவு கிடையாது, ஹோபர்ட். வேட்டு மட்டும் கேக்கக் கூடாது."

செய்தி பள்ளத்தாக்கில் பரவியது. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானம் எழுதவில்லை, துப்பாக்கிகள் தாமாகவே சுவரில் தொங்கத் தொடங்கின. மான் வேட்டைக்காரர்கள் அடுத்த மாவட்டத்துக்குப் போனார்கள். புதுவருடத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுடுகிறவர்கள் அதற்குப் பதில் கைதட்டினார்கள். இடிக்கும் வேட்டுக்கும் ஜூபலுக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் கிளெட்டஸ் ஹெவனரின் பழைய லாரி இருமுவதைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே மலையடிவாரம் வந்ததும் அவர் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு மைல் தள்ளிக்கொண்டே போவார். தள்ளிய களைப்பு தீர மேலே ஏறி வம்பளப்பார்.

"என்னய்யா ஹோபர்ட், உன் நாயி அடைகாக்குதா?"

"குஞ்சு பொரிச்சா ஒன்னு உனக்குத் தரேன். லாரிய இழுக்க வச்சுக்க."

வான்கோழிகள் பெருகின. தேவாலயப் படிக்கட்டில் உட்கார்ந்தன, துணி காயும் கயிற்றில் உறங்கின. வழக்கமாக வான்கோழி சமைக்கிற நவம்பர் விருந்து நாளில் வீட்டுக்குவீடு பன்றித்தொடை தின்றார்கள். வான்கோழிகள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தன. ஹோபர்ட் தினமும் காலையில் மேலே போய், சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய வேட்டைகளை நாய்க்குச் சொல்வார். எந்த ஓடை, எந்தச் சரிவு, அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம். தப்பாகச் சொன்னால் ஜூபலின் புருவம் லேசாகச் சுருங்கும், திருத்திச் சொல்வார்.

ஒன்பதாவது வருடம் ஹோபர்ட்டின் நெஞ்சைச் சோதித்த டவுன் மருத்துவர், வசந்தம் வரைதான் தாங்கும் என்றார். ஹோபர்ட்டுக்கு எழுபத்தெட்டு. அன்று சோளரொட்டியை உடைத்து மோரில் போட்டுக்கொண்டே மனைவி வெர்டியிடம் சொன்னார்: "நாளைக்குச் சுடப்போறேன்."

"சுட்டா அது செத்துரும்யா."

"கிறிஸ்துமஸ் வரைக்கும் இருக்கும்ல. நான் போனப்புறம் எவனாவது வெளியூர்க்காரன் சுடுவான். அது எந்திரிச்சு வந்து முதல்ல என் மூஞ்சியத்தான் தேடும். நான் இல்லேன்னா?"

வெர்டி அவர் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள். "அப்ப வெள்ளைச் சட்டையப் போட்டுட்டுப் போ," என்றாள். "ஒன்பது வருசம் கழிச்சு வருது. பிச்சைக்காரன் மாதிரி நிக்காத."

காலையில் பள்ளத்தாக்கே முற்றத்தில் நின்று காது கொடுத்தது. ஹோபர்ட் வழக்கமான ஓக் மரத்தில் சாய்ந்து, குழலில் மூச்சை இழுத்து ஒரே ஒரு முறை கூப்பிட்டார். அறுபது கோழிகள் வந்து சுற்றி நின்றன. பெரிய சேவலைக் குறிபார்த்துச் சுட்டார். தவறிப்போனது. ஒன்பது வருடம் சுடாதது காரணமாக இருக்கலாம், குஞ்சிலிருந்து தெரிந்த சேவல் என்பதும் காரணமாக இருக்கலாம். கோழிகள் பறக்கவில்லை, அது என்ன சத்தம் என்று அவற்றுக்குத் தெரியாது.

ஜூபல் சாக்கிலிருந்து பாய்ந்தது. இலைகளுக்குள் மூக்கை நுழைத்து வட்டமடித்தது, இன்னும் பெரிய வட்டமடித்தது. விழுந்த கோழி எதுவும் இல்லை. திரும்பிவந்து ஹோபர்ட்டின் முகத்தை அண்ணாந்து பார்த்தது. ஒன்பது வருடமாக அவர் பயந்துகொண்டிருந்த விடைபெறும் பார்வை அதில் இல்லை. குறி தவறிய நாட்களில் எப்போதும் பார்க்கிற பார்வைதான் இருந்தது: சரி, ஆகட்டும், மறுபடி கூப்பிடு. வெள்ளைச் சட்டையின் கையை ஒரு தரம் நக்கிவிட்டு, சாக்கின் வாயைப் பல்லால் விரித்து, தானாகவே உள்ளே போய் உட்கார்ந்தது.

ஹோபர்ட் வாய்விட்டுச் சிரித்தது கீழே வீடுவரை கேட்டது. பிறகு மரத்தில் முதுகைச் சாய்த்து, தோட்டாவை மாற்றி, குழலை உதட்டில் வைத்தார். மதியம் வெர்டி காபியோடு ஏறிவந்தபோது அவர் உதட்டை அசைக்காமல், "உஷ், வரப்போகுது," என்றார். காபி ஆறியது. பனி விழுந்தது. வசந்தம் வந்து போனது.

வெர்டிக்கு இப்போது தொண்ணூற்றொன்று. கணவருக்கு எழுபத்தெட்டுதான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் மெதுவாக மேலே ஏறிப்போய், அவர் தோளிலும் நாயின் தலையிலும் விழுந்திருக்கிற இலைகளைத் தட்டிவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, கோழிகள் மிரளாதபடி ஓரமாகவே நடந்து கீழே இறங்கிவருகிறாள்.