லண்டன்காரர்கள் தள்ளிய ஒரு மணி நேரம்

கோமதிசங்கரின் துண்டு ஏற்றுமதி அலுவலகத்தில், கம்ப்யூட்டர் திரையில் நான்கு கடிகாரங்கள் ஓடின: சங்கரன்கோவில், லண்டன், நியூயார்க், சிட்னி. வியாபாரம் லண்டனோடு மட்டும்தான். கடைசி இரண்டும் வந்து போகிறவர்கள் பார்ப்பதற்காக.

மார்ச் மாதக் கடைசி ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை. திரையில் லண்டன் ஒன்பது காட்டியதும், சட்டையை நீவிக்கொண்டு வீடியோ அழைப்பில் உட்கார்ந்தார். வாங்குபவர் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டதாகவும், புதன்கிழமை ஒன்பதுக்குச் சரியாக வரும்படியும் அங்கிருந்த பெண் சொன்னாள். அங்கே மணி பத்தாம்.

அலுவலகக் கம்ப்யூட்டர் வேலை முழுவதும் ஜெயசித்ராவுடையது. அவள் சொன்னாள்: "கோடை வந்தா அங்கன கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னால தள்ளிருவாக அண்ணாச்சி. நம்ம சாப்ட்வேர் பழசு, அதுக்குத் தெரியல. அப்டேட் போட்டா சரியாயிரும்."

"ஒரு நாடே நேரத்த மாத்தியிருக்கு. நீ பட்டனத் தட்டி சரி பண்ணிருவியாக்கும்? இது ஆம்பள சோலி. சாம்ராஜக் கூப்பிடு."

கடைகளுக்குக் கேமரா மாட்டுகிற சாம்ராஜ் வந்தான். கம்ப்யூட்டரின் சொந்த நேரத்தையே ஒரு மணி முன்னால் தள்ளிவைத்தான். லண்டன் சரியாகிவிட்டது. கூடவே சங்கரன்கோவிலும் ஒரு மணி நேரம் முன்னேறியிருந்தது. ஜெயசித்ரா அதைக் காட்டினாள்.

"ஒண்ணு சரியாவணும்னா ஒண்ணு விட்டுக்குடுக்கத்தான் செய்யணும்" என்றான் சாம்ராஜ். கோமதிசங்கருக்கு அந்த நியாயம் பிடித்திருந்தது.

தறிக்கூடத்தில் விரல் வைத்து வருகை பதியும் கருவி, அதே கம்ப்யூட்டரோடு இணைக்கப்பட்டிருந்தது. மறுநாள் எட்டு மணிக்கு வந்த நாற்பத்திரண்டு பேரையும் அது ஒன்பது மணிக்கு வந்ததாக எழுதிக்கொண்டது. கோமதிசங்கர் தாமதமாக வந்தவர்கள் பட்டியலோடு தறிக்கூடத்துக்கு வந்தார்.

"நாங்க எப்பவும் வார பஸ்ஸுலதான் வந்தோம் அண்ணாச்சி" என்றாள் தறி ஓட்டும் முத்துமாரி.

"பஸ் தப்பா வரும். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? இனிமே இங்கன கம்ப்யூட்டர் நேரந்தான்."

முத்துமாரி கொஞ்சம் யோசித்தாள். "போறதுக்கும் அதே நேரந்தானே?"

"பின்ன? நிர்வாகத்துல ரெண்டு பேச்சு கிடையாது."

வழக்கமாக ஆறு மணிக்கு நிற்கும் தறிகள் அன்று ஐந்துக்கே நின்றன. சத்தம் அடங்கியதைக் கேட்டு கோமதிசங்கர் ஓடி வருவதற்குள் எல்லோரும் விரல் வைத்து முடித்திருந்தார்கள். கருவி ஆறு மணி என்றது. அவர் கைக்கடிகாரம் ஐந்து என்றது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஏம்மா, அந்த அப்டேட்டோ என்னமோ, போட்டுத் தொலை."

ஜெயசித்ராவுக்குப் பத்து நிமிடம் ஆனது. கம்ப்யூட்டர் நேரத்தைத் திரும்ப வைத்து, அப்டேட்டை ஏற்றினாள். சங்கரன்கோவில் தன் இடத்துக்கு வந்தது. லண்டனும் சரியாகக் காட்டியது. அவர் தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துக்கொண்டார். பாராட்டு எதையும் அவள் எதிர்பார்க்கவில்லை.

புதன்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, லண்டன் ஒன்பதுக்கு, அழைப்பு சரியாகப் போய்ச் சேர்ந்தது. வாங்குபவர் சிரித்துப் பேசி ஆர்டரை உறுதி செய்தார். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைத் திரும்பப் பின்னால் தள்ளுவோம் என்று அவரே நினைவூட்டினார். ஜெயசித்ரா அதைத் தமிழில் சொன்னாள்.

கோமதிசங்கரின் முகம் மாறியது. "திரும்பவுமா? இவுகளுக்கு ஒரே பேச்சே கிடையாதா? அடுத்த தடவ தள்ளுறதுக்கு முன்ன நம்மகிட்ட ஒரு வார்த்த கேக்கச் சொல்லு."

"சொல்லுதேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, ஜெயசித்ரா ஆங்கிலத்தில் வாங்குபவருக்கு நன்றி மட்டும் சொன்னாள்.