பலகையில் இருந்த டீ

சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் பார்வையிட வரும்போது கைநாட்டு வைத்து மானத்தை வாங்கக் கூடாதென்று, பனியன் கம்பெனி மேனேஜரே பெண்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் கையெழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். செக்கிங்கில் இருந்த செல்லத்தாய் நிறுத்தவில்லை. துணியில் ஊசி ஓட்டையைத் தேடும் கண், எழுத்தை விடுமா?

ஒருநாள், பையர்களுக்குக் காட்டவென்றே மாட்டியிருந்த விதிப்பலகையில் விரல் வைத்து உரக்கப் படித்தாள்: "தினமும் இருமுறை, பதினைந்து நிமிடம் தேநீர் இடைவேளை."

அதுவரை மெஷினில் உட்கார்ந்தபடியே டீயை விழுங்கியவர்கள் தையலை நிறுத்தினார்கள்.

மேனேஜர் ஓடி வந்தார். "ஏனுங்க அக்கா, அதையெல்லாம் ஆருங்க படிக்கச் சொன்னது?"

"நீங்கதான அண்ணே சொல்லிக் குடுத்தீக!"

சிரிப்பில் ஷெட்டே அதிர்ந்தது. அது அடங்குவதற்குள், செல்லத்தாய் அடுத்த வரியில் விரலை வைத்தாள்.