ஒன்றாம் வரிசை, ஐந்தாம் இருக்கை

அறுபத்தொரு பித்தளைத் தகடுகளையும் மாமா தவறான இருக்கைகளில் பதித்திருந்தார். திருகாணி போட்டது போதாதென்று பசையும் வைத்திருந்தார். ஆட்டம் கண்ட ஒரு கைப்பிடியை இறுக்குவதற்காக ஸ்க்ரூடிரைவரோடு கடைசி வரிசையில் முழங்காலிட்டு உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். அப்போது மணி பத்து. பதினோரு மணிக்கு நன்கொடை கொடுத்தவர்களுக்கான காட்சி.

எங்களுடையது தொண்ணூறு இருக்கைத் தியேட்டர். பெரிய தியேட்டர்கள் சீண்டாத படங்களை நாங்கள்தான் போடுவோம். அரசு மானியத்தில் பாதி வண்டி ஓடியது. ‘உங்கள் சேவையைப் பெரிதும் மதிக்கிறோம்’ என்று தொடங்கிய இந்த வருஷத்து அரசுக் கடிதம், மூன்று வரி மதித்துவிட்டு நாலாவது வரியில் கையை விரித்தது. அதற்குமுன் நான் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பம் முப்பத்திரண்டு பக்கம். ‘பார்வையாளர் அடைந்த பயனை எண்ணில் தருக’ என்று அதில் ஒரு கேள்வி. ஒருத்தி படம் முடிந்தும் எழுந்திருக்காமல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் அதற்கு என்ன எண் போடுவது? வயிற்றெரிச்சலோடு ஏதோ ஒன்றைப் போட்டேன். செய்தி பரவியதும் தெருவில் பார்த்தவர்களெல்லாம், “மூடப்போறீங்களாமே, மனசே கேக்கலீங்க” என்றார்கள். அவர்களில் பாதிப்பேர் தியேட்டருக்குள் கால் வைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அதனால்தான் இருக்கைக்கு ஒரு பெயர் என்று ஆரம்பித்தோம். பணம் கொடுப்பவர் சொல்லும் பெயரைத் தகட்டில் பொறித்து, அவர் கேட்கும் இருக்கையின் மேல்விளிம்பில் பதிப்போம். யாருக்கு எந்த இருக்கை என்று பட்டியல் எழுதி, படம் ஓட்டுகிற மாமாவிடம் கொடுத்தேன். மாமா என் அக்காவின் கணவர்.

மேலே அவருடைய அறைக்கு ஓடினேன்.

“மாமா, ஒண்ணாம் வரிசை எது?”

அவர் தன் சதுர ஜன்னல் வழியாக நேர் கீழே காட்டினார். “இதோ, இதுதான்.”

“டிக்கெட்ல ஒண்ணாம் வரிசைன்னா திரைக்குப் பக்கத்துல இருக்கறது மாமா.”

அவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். “நான் எப்பம்மா டிக்கெட் வாங்கிப் படம் பாத்தேன்?”

இருபத்தெட்டு வருஷமாக அந்த ஜன்னலிலிருந்தே அரங்கத்தைப் பார்த்தவர். மூன்று மாதமாகச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அது அக்காவுக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கியவர். அவரை என்னவென்று திட்டுவது? ஆனாலும் திட்டினேன். கேட்க வேண்டியது அவர் பொறுப்பு, காட்ட வேண்டியது என் பொறுப்பு, இரண்டு பேருமே செய்யவில்லை. அவர் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தது என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். டைல்ஸ் கடைக்காரரிடம் முடியாது. எங்களுக்குத் தேவைப்பட்டதில் பாதியை அவர் ஒருவரே தருவதாகச் சொல்லியிருந்தார். “பின்னாடி, நட்டநடுவுல, என் கடை பேரு பளிச்சுனு தெரியணும். பாத்துட்டு செக்கைக் கையில குடுத்துடறேன்” என்பது அவர் பேச்சு. அது வராவிட்டால் மாதக் கடைசியில் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். இப்போது அவர் கடையின் பெயர் திரைக்கு அடியில், முதல் வரிசை நடுவில் இருந்தது. அவர் கேட்ட இருக்கையில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவரின் மனைவி பெயர் இருந்தது.

டிரைவரும் அவர் மனைவியும் ஞாயிறு தவறாமல் வருவார்கள். அந்த அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்தால்தான் முகங்களாவது தெரியும். மீதியை டிரைவர் காதோரமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். பின்னால் இருப்பவர்கள் என்னிடம் புகார் சொல்வார்கள், நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. போன வருஷம் அந்த அம்மா போய்விட்டார். பென்ஷன் பணத்தை ஒரு கவரில் கொண்டுவந்து, “ஒண்ணு அஞ்சு. அது அவ சீட்டு” என்றார் டிரைவர்.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். டைல்ஸ் கடையின் பெயரைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, கடைசி வரிசையில் அந்த அம்மாவின் பெயர்மேல் ஒட்டினேன். முதல் வரிசைத் தகட்டின்மேல் ஒரு துண்டைப் போட்டேன். தகடு இன்னும் வரவில்லை என்று இருவரிடமும் சொல்வதாகத் திட்டம். இரண்டு மணி நேரத்துக்குத்தானே என்று சொல்லிக்கொண்டேன்.

டிரைவர் அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார். பஸ் ஓட்டிய காலத்துப் பழக்கம். நேராக முதல் வரிசைக்குப் போய், துண்டை எடுத்து மடித்துக் கைப்பிடியில் வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“இது ஏதோ கடை பேரும்மா.”

தயாராக வைத்திருந்த பொய் வாயில் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன், காகிதம் ஒட்டியது உட்பட. அவர் கடைசி வரிசைக்குப் படி ஏறி வந்தார். காகிதத்தின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, கிழியாமல் உரித்தார். தகட்டை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தார். பத்து வரிசை தள்ளி, அது ஒரு வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தது.

“இங்கேருந்து அவளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன். திருகாணி இரண்டும் சுலபமாகக் கழன்றன. பசை விடவில்லை. “விடும்மா, அப்புறம் பாத்துக்கலாம்” என்று அவர் சொன்னது கேட்டது. முனையைத் தகட்டுக்கு அடியில் செருகி நெம்பினேன். கடிதத்தின் மேலும், முப்பத்திரண்டு பக்கத்தின் மேலும், மாமாவின் மேலும், என் மேலும் இருந்த ஆத்திரமெல்லாம் மணிக்கட்டில் இறங்கியது. ரெக்ஸின் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, மஞ்சள் ஸ்பாஞ்சோடு தகடு கையில் வந்தது.

டிரைவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். பின்னால் கதவு திறந்தது. டைல்ஸ் கடைக்காரர் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் வந்திருந்தார். சட்டைப் பையில் வெள்ளைக் கவர் எட்டிப் பார்த்தது.

“நம்ம சீட்டு எதும்மா?”

கிழிந்த இருக்கையை முதுகால் மறைத்தபடி நின்றேன். விரலிடுக்கில் ஸ்பாஞ்சுத் தூள் ஒட்டியிருந்தது. கீழே நடந்ததை அறியாத மாமா மேலே புரொஜெக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். வெளிச்சம் எங்கள் தலைக்கு மேலாகப் போய்த் திரை முழுக்க வெள்ளையாக விழுந்தது. முதல் வரிசையில் டிரைவர் தகட்டை ஐந்தாம் இருக்கையில் திரையைப் பார்க்கச் சாய்த்து வைத்துவிட்டு, நாலாவதில் உட்கார்ந்து, அதன் பக்கமாகத் தலையைச் சாய்த்தார்.