தானாக அணையும் பியானோ

பிரான்சிலிருந்து என் மச்சினன் செபாஸ்டின் கொண்டுவந்த பெட்டியைக் கோயில் வாசலில் பிரித்தபோது, உள்ளே இருந்தது பியானோதான் என்று ஊரை நம்பவைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. கறுப்பாக, நீளமாக, கால் இல்லாமல் ஒரு பலகை.

மைக்செட் சுகுமார் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இன்னா மாஸ்டர், ஸ்பீக்கர் எங்க கீது?"

"ஸ்டேஜ் பியானோல ஸ்பீக்கர் இருக்காதுண்ணே. உங்க பாக்ஸ்ல தான் குடுக்கணும்" என்றான் செபாஸ்டின்.

"ரிதம்?" என்று நான் கேட்டேன்.

"அதுவும் இருக்காது மாமா. இது ப்ரொஃபெஷனல்ஸ் வாசிக்கிறது."

அப்படியானால் எனக்கில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பங்குச் சாமியார் அதற்குள் தீர்த்தம் தெளித்துவிட்டார். பழைய கீபோர்டை மறைக்கல்விப் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். திருவிழாவுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

என் தகுதியைப் பற்றி ஒரு வார்த்தை. வில்லியனூரிலிருந்து பாகூர் போகிற வழியில் இருக்கும் எங்கள் பங்கில் நான், ஆரோக்கிய பிரகாஷ், பாடகர் குழு மாஸ்டர். மற்ற நாட்களில் மதகடிப்பட்டில் ஜெராக்ஸ் கடை. எனக்குத் தெரிந்தது ஒரே ஸ்கேல், வெள்ளை கீகள் மட்டும். கறுப்பு கீகளைத் தூசு தட்டுவேன், அதோடு சரி. யார் எந்தச் சுருதியில் பாடினாலும் நான் வெள்ளையில்தான் வாசிப்பேன். சுருதியைக் கூட்டிக் குறைக்கப் பழைய கீபோர்டில் ஒரு பட்டன் இருக்கும். அந்த வேலையை மெஷின் பார்த்துக்கொள்ளும். இது ஊருக்கே தெரியும். சொந்தக் காலில் நிற்காத மாஸ்டர் என்று கிண்டல்கூட உண்டு.

சாதாரண வருஷமாக இருந்தால் சமாளித்திருப்பேன். இந்த வருஷம் என் மனைவி மரிய செலின் பாட வேண்டியிருந்தது.

திருவிழாப் பூசையில் காணிக்கைப் பாடல் எப்போதும் செலின்தான். தனிக்குரல். ஆறு கட்டைச் சுருதியில் எடுப்பாள். பாடகிகளில் பலர் ஐந்தோடு நின்றுவிடுகிற ஊரில் ஆறு என்பது ஒரு கௌரவம். சென்ற தவக்காலத்தில் தைராய்டு கட்டிக்காக அவளுக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்தது. கட்டி போனது, கூடவே குரலின் மேல்மாடியும் போய்விட்டது. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அது முதல் அவள் இடத்தில் ஞானசுந்தரி பாடி வந்தாள்.

திருவிழாக் கொடி ஏறிய அன்று செலின் சொன்னாள்: "இந்த வாட்டி நா பாடறேன். ஜனங்க முன்னாடி ஒடஞ்சுதுன்னா அதோட விட்டுருவேன். அப்புறம் பாடு பாடுன்னு என்ன நச்சரிக்கக் கூடாது."

நச்சரிக்க மாட்டேன் என்று சொன்னேன். அன்றைக்கே பியானோவை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

கூட வந்த கையேடு பிரெஞ்சில் இருந்தது. செபாஸ்டினைக் கேட்டால், "எனக்கு வேலைக்கான பிரெஞ்சு தான் மாமா வரும், பியானோ பிரெஞ்சு வராது" என்றான். போனில் பக்கத்தைக் காட்டினால் தமிழில் சொல்லும் என்றார்கள். காட்டினேன். "தொடுதலின் கடுமையைக் குடும்பத்துக்கு ஏற்ப மாற்றுக" என்றது. அந்த அறிவுரையை வேறு இடத்துக்கு வைத்துக்கொண்டு, மெனுக்குள் மெனுவாக நுழைந்தேன். சுருதி மாற்றுகிற இடம் ஒருவழியாகக் கிடைத்தது. மாற்றிய சுருதியையும், பியானோவோடு வயலின் சேர்ந்து வரும் சத்தத்தையும் ஒன்றாகக் கட்டி ஒரு 'சீன்' என்று சேமித்து வைக்கலாம். ஒரே தட்டில் எல்லாம் வந்து நிற்கும்.

அந்தச் சீனில் எத்தனை கட்டை வைப்பது? ஆறில் பாடிப் பார்த்தாள். சரணத்தின் உச்சியில் குரல் பிளந்தது. ஐந்தரையில் பாதி உடைந்தது. ஐந்தில் தொட்டுவிட்டாள். தொடும்போது கழுத்துத் தழும்புக்குப் பக்கத்தில் நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ எறக்குனா?" என்று தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"நாலா? நாலுல பாடுனா ஆம்பளப் பாட்டு ஆயிடும்மா. அப்புறம் நானே பாடிட்டுப் போறேன்."

நல்ல ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். "சரிங்க, அஞ்சே இருக்கட்டும்." ஐந்தைச் சேமித்தேன்.

சனிக்கிழமை மதியம் கோயிலில் ஒத்திகை. இடையில் ஞானசுந்தரி சந்தேகம் கேட்டாள். "மாஸ்டர், தப்பா நெனச்சிக்காதீங்க. செலின் அக்காவுக்கு நாளைக்கு ஒரு மாதிரியா இருந்தா, நா ரெடியாதான் இருப்பேன். அஞ்சரைலயும் பாடுவேன்."

"ஒரு மாதிரின்னா எந்த மாதிரி?" என்றாள் செலின்.

பேச்சு எங்கெங்கோ போய், யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் சுருதி விட்டார்கள் என்பதுவரை வளர்ந்தது. ஒருவழியாக அடங்கி நான் வாசிக்கப் போனால், சத்தம் இல்லை. பியானோ அணைந்து கிடந்தது.

வயரை ஆட்டினோம். பிளக்கை மாற்றினோம். சுகுமார் நெற்றியைச் சொறிந்தார். கடைசியில் போனைக் கையேட்டின் மேல் பிடித்தபோது விஷயம் தெரிந்தது: முப்பது நிமிஷம் யாரும் தொடாவிட்டால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மெஷின் தானாக அணைந்துவிடும். திரும்பப் போட்டால் சீன் இருக்காது, பிறந்த அன்று இருந்த சத்தத்தில் எழும். நாமே சீனைத் தேடி எடுக்க வேண்டும். திரை வேறு சில நிமிஷத்திலேயே இருட்டாகிவிடும் என்பதால், உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லவும் முடியாது.

அந்த வசதியை நிறுத்தும் இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்தினேன். மறுபடி போட்டால் முப்பது நிமிஷம் பழையபடி வந்து உட்கார்ந்திருந்தது. இன்னொரு முறை நிறுத்தினேன். மறுபடி வந்தது. அதை நிரந்தரமாக்க வேறெங்கோ ஒரு பூட்டு இருக்க வேண்டும். எனக்குச் சிக்கவில்லை.

"அரை மணி நேரம் யாருங்க வாசிக்காம இருக்கப் போறா?" என்றாள் செலின்.

சுகுமாரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். திருவிழாவுக்குப் பிரசங்கம் வைக்க வருகிறவர் வெளியூர்ச் சாமியார். போன வருஷம் அவர் பிரசங்கம் முடிந்தபோது அசன விருந்துப் பிரியாணி ஆறிப்போயிருந்தது.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். பிரசங்கத்தின்போது வால்யூமை இறக்கிவிட்டு அவ்வப்போது ஒரு கீயைத் தொட்டுவிட வேண்டியது. தூங்கும் குழந்தையின் மூக்கில் கை வைத்துப் பார்ப்பது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி, பந்தலும் நிரம்பி, வெளியே புளியமரத்தடிவரை ஜனம். செபாஸ்டின் முதல் வரிசையில் போனை நீட்டியபடி உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி வீட்டார் பிரான்சில் நேரலையில் பார்க்கிறார்களாம். வருகைப் பாடல் நன்றாகப் போனது. நற்செய்தி முடிந்தது. வெளியூர்ச் சாமியார் மைக்கைத் தட்டிப் பார்த்து, "அன்பார்ந்தவர்களே" என்றார். நான் வால்யூமை இறக்கினேன்.

கொஞ்ச நேரம் பொறுத்து முதல் தொடுதல். சத்தம் வராது என்று நினைத்தேன். பியானோவிலிருந்து வரவில்லைதான். ஆனால் இது கனத்த கீ, பழைய கீபோர்டு மாதிரி பிளாஸ்டிக் இல்லை. அழுத்தினால் உள்ளே மரம் விழுகிற மாதிரி 'தொப்' என்றது. பக்கத்தில் செலினின் மைக் திறந்திருந்தது. புளியமரம்வரை 'தொப்' கேட்டது.

சாமியார் நிறுத்தினார். திரும்பிப் பார்த்தார். "மாஸ்டருக்கு அடுத்த பாட்டுக்கு அவசரம் போல" என்றார். கோயிலே சிரித்தது. எல்லோரையும் சிரிக்கவைத்தே பழகியவன் நான். அன்றைக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

சுகுமாருக்கு ஜாடை காட்டி அந்த மைக்கை மூடச் சொன்னேன். மூடினார். சரி, இனி பயமில்லை. ஆனால் அடுத்ததாகக் கீ பக்கம் கையைக் கொண்டுபோனபோது சாமியாரின் கண்ணும் கூடவே வந்தது. கையை எடுத்துவிட்டேன். கொஞ்சம் கழித்துத் தொடலாம். நிறைய நேரம் இருக்கிறது.

அப்போதுதான் செலினைப் பார்த்தேன். பாட்டுத் தாளை மடியில் வைத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். உதடு அசைந்தது. ஜெபிக்கிறாளா, உச்சி வரியைப் பாடிப் பார்க்கிறாளா, தெரியவில்லை. நான் கையை நீட்டி அவள் கையைப் பிடித்தேன். ஐஸ்போல இருந்தது. கோயிலில் நாங்கள் இப்படிக் கை பிடித்தது எங்கள் கல்யாணத்தன்றைக்குத்தான். அதுவும் சாமியார் பிடிக்கச் சொன்னதால். இழுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. விரல்களில் மெல்ல மெல்லச் சூடு ஏறியது. நானும் விடவில்லை.

பிரசங்கம் முடிந்து எல்லோரும் எழுந்தபோதுதான் விட்டேன். விசுவாசப் பிரமாணம் சொன்னோம். மன்றாட்டுகள் போயின. திரை இருட்டாக இருந்தது, அது எப்போதும் இருட்டுதான். காணிக்கைப் பவனி வாசலில் தயாராக நின்றது. சுகுமார் செலினின் மைக்கைத் திறந்தார். வால்யூமை ஏற்றி, முன்னிசைக்கு இரண்டு கையையும் வைத்தேன்.

ஒன்றும் வரவில்லை.

செலின் கையைப் பிடித்திருந்த நேரத்தில் மெஷின் அணைந்துபோயிருந்தது. பவர் பட்டனுக்குக் கை போய்விட்டது. ஆனால் அப்படியே போட்டால் சுகுமாரின் பாக்ஸ்களில் வெடி போட்ட மாதிரி சத்தம் வரும். தூரத்தில் மிக்ஸர் பக்கம் நின்ற அவரைப் பார்த்துக் கழுத்தின் குறுக்கே கையை இழுத்துக் காட்டினேன்: கட் பண்ணு. அவர் செலினைக் காட்டி, இவங்களையா என்று புருவத்தைத் தூக்கினார். கை மிக்ஸருக்குப் போயே விட்டது. "இல்ல!" என்று வாயசைத்துப் பியானோவை இரண்டு கையாலும் காட்டினேன். அவர் விரல் ஒரு பட்டன் தள்ளி இறங்கியது.

பட்டனை அழுத்தினேன். திரையில் கம்பெனியின் பெயர் நிதானமாக, அழகாக, ஒவ்வொரு எழுத்தாக மலர்ந்தது. பவனியில் முதலில் நின்ற பெண்மணி பழத்தட்டோடு என்னையே பார்த்தாள். யாரோ இருமினார்கள். பின்னால் ஞானசுந்தரி தொண்டையைச் செருமும் சத்தமும், நாற்காலி நகரும் சத்தமும் கேட்டன. திரும்பாமலே தெரிந்தது, எழுந்துவிட்டாள்.

செலின் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். இன்னும் இல்லை என்றுதான் ஆட்டினேன். ஆரம்பி என்று எடுத்துக்கொண்டாளா, நான் என்ன சொன்னால் என்ன என்று தானே ஆரம்பித்தாளா, இன்றுவரை கேட்கவில்லை. மைக்கை எடுத்தாள். கண்ணை மூடினாள்.

"கொண்டு வந்தது கொஞ்சமே, நீர் ஏற்றுக்கொள்வீரோ…"

துணைக்கு ஒரு இசையும் இல்லாமல், அவள் குரல் மட்டும். முதல் வார்த்தையில் ஒரு கரகரப்பு. இரண்டாவது வார்த்தையில் அது தெளிந்தது. பவனி நகர ஆரம்பித்தது.

திரை எழுந்துவிட்டது. ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, நான் கட்டிவைத்த சீனை எடுத்தேன். ஐந்து கட்டை. எனக்கு மட்டும் கேட்கும்படி மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டு வைத்தேன். ஒரு காதில் பியானோ, இன்னொரு காதில் செலின். இரண்டும் சண்டை போட்டன.

ஐந்தில் இல்லை. அப்படியானால் பழக்க தோஷத்தில் மேலே எடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். ஐந்தரை வைத்தேன். இல்லை. ஆறு. இல்லை. பல்லவி முடியப் போகிறது, அடுத்தது சரணம், அதில்தான் உச்சி. அவள் எந்தப் படியில் நிற்கிறாள் என்றே தெரியாமல் தேடிக்கொண்டிருந்தேன். கீழே இறங்கிப் பார்த்தேன். நாலரை. நெருங்கியது, ஆனால் சேரவில்லை. இன்னும் அரைக் கட்டை கீழே.

நாலு.

கார்டும் குரலும் ஒன்றாகிவிட்டன. எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி.

சரணத்துக்குள் போய்விட்டாள். உச்சி வரி வந்தது. நான் அவள் கழுத்தைத்தான் பார்த்தேன். நரம்பு புடைக்கவில்லை. குரல் அந்த வரியில் ஏறி, அங்கே நின்று, சாவகாசமாக இறங்கியது. அது என் பழைய செலினின் குரல் இல்லை. கனமான, கொஞ்சம் ஈரமான, எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு குரல். ஆம்பளக் குரலும் இல்லை. புளியமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட அடங்கியிருந்தார்கள்.

பியானோவைத் திறக்கச் சொல்லிச் சுகுமாருக்கு விரலைத் தூக்கிக் காட்டினேன். திறந்தார். கடைசிப் பல்லவிக்கு மட்டும், அவள் குரலுக்குக் கீழே, மெதுவாகச் சேர்ந்துகொண்டேன்.

பூசை முடிந்ததும் செபாஸ்டின் ஓடி வந்தான். "மாமா, மியூசிக் இல்லாம ஆரம்பிச்சி கடைசில உள்ள வந்தீங்க பாரு, செம! நீங்களா யோசிச்சது?"

"பின்ன? பிரான்ஸ்லேந்தா வரும்?" என்றேன்.

ஞானசுந்தரி செலின் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, அடுத்த வாரம் எனக்கும் அந்தக் கட்டைய வச்சிக் குடுக்கச் சொல்லு. மேல போயி போயி எனக்கும் நெஞ்சு அடைக்குது" என்று சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் பிரியாணிக்குப் போனாள்.

கோயில் காலியானது. நான் பியானோவின் முன்னால் உட்கார்ந்து அந்தச் சீனைத் திறந்தேன். செலின் பாட்டுத் தாளை மடித்துக்கொண்டு நின்றாள்.

"நாலு தானா?" என்றேன்.

"அன்னைக்கே கேட்டன்ல. நீங்கதான் ஆம்பளப் பாட்டுன்னீங்க."

"ஜோக்குடி அது."

"தெரியும். அதான் ஒண்ணும் சொல்ல முடியல."

நாலு என்று வைத்துச் சேமி பட்டனைத் தட்டினேன். ஏற்கனவே இருப்பது அழிந்துவிடும், பரவாயில்லையா என்று கேட்டது மெஷின். ஆமாம் என்றேன். நிச்சயமாகத்தானா என்று இன்னொரு முறை கேட்டது.

"ரெண்டு தடவ கேக்குது பாரு" என்றேன்.

செலின் என் தோளுக்கு மேலே குனிந்து, தானே அந்தப் பட்டனை அழுத்தினாள்.