ஏழாவது கோடு

மனித வரலாற்றிலேயே தனக்கென்று எதையும் எதிர்பார்க்காமல் வேலை பார்த்த ஒரே ஆள் அவர்தான். இதை அவரே சொல்லியிருக்கிறார், பலமுறை, மதிய இடைவேளையில், எழுந்து நின்று. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினோரு வருடம் இதையே சொல்லிச் சொல்லி, துறவி என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அதுவும் கேட்காமலே வந்தது என்பதில் அவருக்கு ஒரே பெருமை.

புகார்ப் பிரிவு என்பது ஓர் அறை, ஏழு மேசை, ஏழு தொலைபேசி. எங்கோ ஒரு கட்டடத்தில் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே யாராவது மாட்டிக்கொண்டால் இங்கே மணி அடிக்கும். "பதறாதீங்க, மெக்கானிக் கிளம்பிட்டார்" என்று சொல்லிவிட்டு, அப்புறம் மெக்கானிக்கை எழுப்ப வேண்டும்.

இந்த ஏழு பேரையும் கட்டி மேய்த்த மேற்பார்வையாளர் அந்த வாரத்தோடு ஓய்வு பெறுகிறார். கண்ணாடித் தடுப்புக்குள் இருக்கும் அவருடைய நாற்காலி வேண்டும் என்கிறவர்கள், அறிவிப்புப் பலகையில் மாட்டும் தாளில் பெயர் எழுத வேண்டும் என்றார் மேனேஜர். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குத் தாள் இறங்கும். எழுதியவர்களில் ஒருவருக்குப் பதவி.

தாளுக்குக் கோடு போடும் வேலை துறவியிடம் வந்தது. ஸ்கேல் வைத்து ஆறு கோடு போட்டார்.

"நாம ஏழு பேர் இருக்கோமே, அண்ணே?" என்றாள், சேர்ந்து மூன்று வாரமே ஆன புதுப்பெண்.

"ஆசைப்படறவங்க ஆறு பேர்தாம்மா. எண்ணிப் பார்த்துத்தான் போட்டிருக்கேன்."

அவருடைய திட்டம் எளிமையானது. திட்டம் என்றால் கோபித்துக்கொள்வார், நியாயம் என்பார். ஆறு பேரும் முட்டி மோதிக்கொள்வார்கள். மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்வார். திடீரென்று, 'கேட்காத மனுஷன் ஒருத்தர் இருக்காரே!' என்று பொறி தட்டும். ஓடி வருவார். துறவி இரண்டு தடவை மறுப்பார். மூன்றாவது தடவை, "சரி, உங்களுக்காக" என்பார். இந்த 'உங்களுக்காக'வைக் குளியலறைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்ததும் உண்டு.

வீட்டில் மனைவியிடம் காரியம் முடிந்த மாதிரியே சொல்லிவிட்டார். அவள் தன் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அந்த மச்சான், பார்க்கும்போதெல்லாம் "இன்னும் அதே மேசைதானா, மாப்ளே?" என்று அக்கறையாக விசாரிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை விருந்து வைக்கிறேன் என்று கிளம்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பெயர்கள் விழ ஆரம்பித்தன. பூட்டு என்று ஒருவன் உண்டு, டிராயரைப் பூட்டிவிட்டுத்தான் தும்முவான். அவன் பென்சிலில் எழுதினான்.

"ஏண்டா பென்சில்?"

"கிடைக்கலேன்னா அழிச்சிடலாம் அண்ணே. கேட்ட மாதிரியே இருக்காது."

துறவி சிரித்த சிரிப்பில், லிஃப்ட்டுக்குள் மாட்டியிருந்த யாரோ பயந்து போனை வைத்துவிட்டார். "பாருங்கப்பா, இவனுக்கு ஆசைகூடப் பென்சில்லதான் வருது! பதவி கிடைச்சாலும் ரப்பரும் கையுமா வந்து நிப்பான்!" மூன்று நாள் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை ஐந்து வரி நிரம்பி, ஆறாவது சும்மா கிடந்தது. தன் எண்ணிக்கை தப்பாவது அவருக்குப் பொறுக்கவில்லை. புதுப்பெண்ணைக் கூப்பிட்டார்.

"எழுதிடும்மா. வெறுமையா இருந்தா பார்க்க நல்லா இல்ல."

"நான் வந்தே மூணு வாரம்தானே அண்ணே?"

"ஆசைப்பட அனுபவம் எதுக்கு?"

அவள் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மேனேஜர் நேராகத் துறவியின் மேசைக்கே வந்தார். துறவி எழுந்தார். முதல் மறுப்பு வாயில் தயாராக இருந்தது. கேள்வி வருவதற்குள் அது வெளியே வந்துவிட்டது.

"வேண்டாம் சார்."

"தெரியும் சார்!" மேனேஜர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை வற்புறுத்தறதே பாவம்னு மேலிடத்துல சொல்லிட்டேன். ஒரே ஒரு உதவி. அஞ்சு மணிக்கு அந்தத் தாளைக் கழட்டி என் மேசையில வெச்சிடுங்க. அதுல பேர் இல்லாத ஆள் நீங்க ஒருத்தர்தான். நம்பிக் கொடுக்கலாம்."

"இல்ல சார், நான் வேண்டாம்னு சொன்னது..."

"புரியுது சார், புரியுது." போய்விட்டார்.

துறவிக்கு ஒன்றும் புரியவில்லை. முதல் மறுப்பையே ஒப்புக்கொண்டால் இரண்டாவதை எங்கே கொண்டுபோய் வைப்பது? தப்பு தன்னுடையதா, மேனேஜருடையதா? வற்புறுத்தத் தெரியாதவரை எப்படி மேனேஜராக்கினார்கள்?

தொலைபேசி அடித்தது. மனைவி. "என்னங்க, அண்ணன் கேக்கறாரு, அந்த நாற்காலி சுத்துமா?"

"சுத்தும்" என்றார். அது உண்மைதான்.

மறுபடி அடித்தது. யாரோ ஒருவர் ஆறாம் மாடிக்குக் கீழே. "அரை மணி நேரமா நிக்கறேன்! கேட்டாத்தான் வருவீங்களா?"

"ஆமா சார், கேட்டாத்தான் வருவாங்க. கேக்காம நின்னுக்கிட்டிருந்தா நீங்க உள்ள இருக்கறது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். மெக்கானிக்கை எழுப்ப மறந்து, அப்புறம் எழுப்பினார்.

ஐந்துக்குப் பத்து நிமிடம். எல்லாரும் பக்கத்து அறையில், ஓய்வு பெறுகிறவருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். துறவி பலகை முன் நின்றார். ஆறு வரியிலும் ஆறு பேர். ஒரு விரல் நுழைய இடமில்லை.

இப்போது எழுதினால் அது கேட்பதாகுமா? வேண்டாம் என்று சொன்னவர் எழுதினால் முதலில் சொன்னது செல்லுமா, எழுதியது செல்லுமா? ஒருவேளை கொடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் இரண்டாவது மறுப்பையும் சொல்ல வேண்டியிருக்குமா? யாரிடமாவது கேட்கலாம் என்றால், அவர்தான் யாரிடமும் எதுவும் கேட்காதவராயிற்றே.

ஸ்கேலை எடுத்து, தாளின் அடியில் ஏழாவது கோட்டைப் போட்டார். மற்ற ஆறையும்விட அது நேராக வந்தது.

பூட்டு வழக்கம்போல் டிராயரைப் பூட்டியிருந்தான். பென்சில் வெளியே மேசைமேல் கிடந்தது. துறவி தன் பெயரை மெல்லிசாக எழுதினார். இரண்டடி தள்ளி நின்று பார்த்தார், தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தார், தெரிந்தது. எது நல்லது என்று விளங்காமல், மேலே இன்னொரு தடவை லேசாக ஓட்டினார்.

தாளைக் கழற்றிக்கொண்டு மேனேஜர் அறைக்குக் கிளம்பினார். நாலு எட்டு நடந்தவர் திரும்பி வந்து, பூட்டின் மேசைமேல் இருந்த ரப்பரையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.