சிலிண்டரும் மெழுகுவத்தியும்

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டதும் வியோரிக்கா பாய்ந்து வந்து அத்தையின் கையிலிருந்த தீப்பெட்டியைத் தட்டிவிட்டாள். மெழுகுவத்தியையும் பிடுங்கி ஜன்னல் வழியே பனியில் எறிந்தாள்.

"கட்டிலுக்குப் பக்கத்துல ஆக்சிஜன் சிலிண்டர் நிக்குது, கண்ணு தெரியலையா? வீட்டோட கொளுத்தப் பாக்குறியா அத்தை?"

"கையில வெளிச்சமில்லாம செத்தா, அந்தப் பக்கம் எங்கண்ணன் இருட்டுல தடவிக்கிட்டு நிக்கணும்டி! சிலிண்டரை மூடு!" என்று கத்தினாள் சாவேட்டா.

"இந்தப் பக்கம் மட்டும் வெளிச்சத்துலயா இருந்தாரு? சுரங்கத்துக்குள்ளதானே கிடந்தாரு!"

கட்டிலில் அவள் அப்பா அவ்ராம் முகமூடிக்குள் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். நெஞ்சு முழுக்க நிலக்கரித் தூள். அந்தச் சிலிண்டருக்காக வியோரிக்கா ஆஸ்பத்திரியில் கெஞ்சாத ஆளில்லை, போடாத சண்டையில்லை. இப்போது ஒரு தீக்குச்சிக்காக அதை மூடச் சொல்கிறார்கள்.

அவர் நெற்றியில் எண்ணெய் பூசி முடித்த பாதிரியார் தோள்துண்டை மடித்தார். "ஆத்திரப்படாதம்மா. மண்ணைப் பிசைஞ்சு அதுல மூச்சை ஊதினவர் ஆண்டவர். தந்தவரே திரும்ப எடுத்துக்கிறார்."

"எடுக்கிற லட்சணமா ஃபாதர் இது? கொஞ்சம் கொஞ்சமா கழுத்தை நெரிச்சா எடுப்பாங்க? அவர் ஊதினப்போ சுத்தமாத்தானே ஊதினார்? நடுவுல கரித்தூளை ஊதினது யாரு?"

பாதிரியார் காப்பிகூடக் குடிக்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவ்ராம் முகமூடியை விலக்கினார். அவள் மாட்டிவிட்டாள். மறுபடி விலக்கினார்.

"சும்மா இருப்பா! உனக்காகத்தான் நாயா அலைஞ்சேன்."

அவர் வலது கையை நெஞ்சின் மேல் வைத்து, விரல்களை மடக்கினார். நடுவில் ஒரு மெழுகுவத்திக்கான இடம் விட்டிருந்தார். கண்கள் மகளையே பார்த்தன.

"நீயுமாப்பா?" என்றாள்.

கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு வெளியே போனாள். யாரையென்று இல்லாமல் எல்லோரையும் திட்டியபடி பனியைக் கையால் கிளறினாள். மெழுகுவத்தி கிடைத்தது. பாவாடையில் துடைத்து எடுத்துவந்தாள்.

சிலிண்டரை அவளே மூடி, முகமூடியைக் கழற்றினாள். உருட்டிக்கொண்டுபோய்ச் சமையலறையில் விட்டாள். தேங்கிய ஆக்சிஜன் வெளியேறட்டும் என்று ஜன்னலையும் கதவையும் திறந்துபோட்டு, அறை குளிர்ந்து விறைக்கும்வரை காத்திருந்தாள். பிறகு காற்று புகாதபடி எல்லாவற்றையும் இறுக மூடினாள். சாவேட்டா தீப்பெட்டியை நீட்டியபோது வியோரிக்கா அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அப்பாவின் விரல்களுக்குள் மெழுகுவத்தியை வைத்து, தன் கையால் சுற்றிப் பிடித்துப் பற்றவைத்தாள்.

அவர் மூச்சு விட்டார். சுடர் அவள் பக்கம் சாய்ந்தது. இழுத்தார். சுடர் அவர் பக்கம் போனது. பிறகு வெகுநேரம் கழித்து இன்னொரு முறை சாய்ந்தது.

வியோரிக்கா தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இனி அது ஆடினால் அவர் ஆட்டியதாகத்தான் இருக்க வேண்டும்.

சாவேட்டா சிலுவை போட்டுக்கொண்டு, "விடுடி, போதும்," என்றாள்.

சுடர் நேராக நின்றது. அவள் இன்னும் மூச்சை விடவில்லை.