லாரியின் மூச்சும் மீசைப் பந்தயமும்

கட்சால் தீவில் அப்போது ஓடுகிற லாரி ஒன்றே ஒன்று. அதை ஓட்டுவதும் குழந்தைவேலு, கோளாறு வந்தால் அடியில் மல்லாந்து படுத்துப் பார்ப்பதும் குழந்தைவேலு. எழுபத்தைந்தாம் வருஷம் அது. அவரிடம் போய் ‘உங்க லாரி’ என்று யாராவது சொல்லிவிட்டால், ‘கவர்மெண்ட் லாரிங்க’ என்று வாய் திருத்தும். மீசை மட்டும் ஒரு விரற்கடை மேலே ஏறிக்கொள்ளும். அப்படியொரு மீசை. கன்னங்கரேலென்று, இரண்டு முனையும் முறுக்கி, காலையில் தேங்காய் எண்ணெய் தொட்டு நீவினால்தான் அவர் ஸ்டீயரிங்கையே தொடுவார்.

இலங்கையில் தேயிலை ஃபேக்டரி என்ஜின் ரூமில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். ஊர் திரும்பச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கிக் கப்பலேற்றி, இந்த ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பிய குடும்பங்களில் அவர் குடும்பமும் ஒன்று. மற்றவர்கள் பாத்திரம் பண்டம் கட்டிக்கொண்டு வந்தார்கள், இவர் ஸ்பேனர் பெட்டியோடு வந்தார். மனைவி சந்திரமதி தோட்டத்தில் பால் வெட்டுகிறாள்.

போன வருஷம் அந்த லாரி படுத்துவிட்டது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, சைலன்சரில் நீலப்புகை. புது ரிங் மேன்லேண்டிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்து, அங்கிருந்து தீவுக் கப்பல் ஏறிக் கட்சாலுக்கு வருவதற்குள் மூன்று மாதம் ஓடிப்போயிற்று. அந்த மூன்று மாதமும் ரப்பர் பால் வாளிகளைப் பெண்கள் தலையில் சுமந்தார்கள். ரிங் வந்ததும் குழந்தைவேலு தனி ஆளாக என்ஜினைப் பிரித்து, பொருத்தி, முதல் தடவையிலேயே ஸ்டார்ட் பண்ணினார். ‘பழைய டிரைவர் வண்டிய நாசம் பண்ணி வச்சிருந்தான்’ என்று ஊருக்கெல்லாம் சொன்னார். ஊரும் நம்பியது.

மாசி பிறந்ததும் போர்ட் பிளேர் டெலானிபூர் குவார்ட்டர்ஸிலிருந்து ஜெகநாதன் என்ற என்ஜினியர் வந்து இறங்கினார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், தங்கமான மனுஷன். கையில் மூன்று அட்டைப்பெட்டி. லாரி என்ஜினுக்குக் காற்று போகிற வழியில் தூசி பிடிக்க வைக்கிற ஃபில்டர், மடிப்பு மடிப்பாகக் காகிதத்தில் செய்தது. அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டவேண்டும்.

குழந்தைவேலுவுக்கு அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் லாரியில் இருப்பது கம்பிவலை ஃபில்டர். சனிக்கிழமை தவறாமல் மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, என்ஜின் ஆயிலில் முக்கி, சொட்ட வடியவிட்டு மாட்டுவார். அந்த வேலையை வேறு ஒருவனும் தொடக்கூடாது.

“சார், இங்க தீப்பெட்டியே நமத்துப் போயி பத்த மாட்டேங்குது. எட்டு மாசம் மழை. பேப்பரு தாங்குமா? இந்தா பாருங்க, கப்பல்ல வந்ததுக்கே பூஞ்சை புடிச்சிருச்சு” என்று ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டினார். உண்மையிலேயே அதில் பூஞ்சை படர்ந்திருந்தது.

“அது சரி குழந்தைவேலு. ஆனா பொடித் தூசியப் பேப்பர்தான் நல்லாப் பிடிக்கும். உங்க வலையில பெருசுதான் மாட்டும், பொடிசு உள்ள போயிரும்.”

“எண்ணெயத் தாண்டித் தூசி போகுமா? ஒட்டிக்காதா?”

“போகும்கிறேன்.”

அவ்வளவுதான், மீசை ஏறிவிட்டது. “என் வலையத் தாண்டி ஒரு பொட்டுத் தூசி உள்ள போச்சுன்னு காட்டுங்க சார், இந்த மீசைய எடுத்துர்றேன்!”

ஸ்டோர்கீப்பர் அப்துல் வாஹித் உள்ளேயிருந்து ஓடியே வந்துவிட்டார். “பக்கா? நான் சாட்சி! பின்னாடி பேச்சு மாறக்கூடாது பாய்!”

“நாக்கு ஒண்ணுதான் பாய் எனக்கு” என்றார் குழந்தைவேலு.

சோதனை ஏற்பாடாயிற்று. ஃபில்டருக்கு அப்பால் என்ஜினுக்குப் போகிற குழாயைப் பளிச்சென்று துடைத்துவிட்டு, பதினைந்து நாள் காகிதம், பதினைந்து நாள் எண்ணெய் வலை. ஒவ்வொன்றும் முடிந்ததும் குழாயின் உட்புறத்தை ஜெகநாதன் தம் வெள்ளைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்ப்பார். அவர் ஊரில் அப்படித்தான் பார்ப்பார்களாம். தூசி உள்ளே போயிருந்தால் கைக்குட்டை காவிக் கலரில் வந்து நிற்குமாம். எதில் அழுக்கு அதிகமோ அது தோற்றது. அடுத்த வருஷம் முழுக்க எதை வரவழைப்பது என்று எழுதி, வருகிற கப்பலிலேயே அனுப்பிவிடுவது.

ஒரு மாதம் சொட்டு மழை இல்லை. பவளக்கல்லை உடைத்துப் போட்ட ரோடு லாரிச் சக்கரத்தில் அரைபட்டு மாவாகப் பறந்தது. காகிதத்தின் பதினைந்து நாள் முடிந்தது, கைக்குட்டை சுத்தம். எண்ணெய் வலையின் பதினைந்து நாளும் முடிந்தது. தோட்டத்து ஆபீஸ் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. ஜெகநாதன் கையை உள்ளே விட்டுத் துழாவி, கைக்குட்டையை வெளியே இழுத்து, வெயிலில் விரித்துப் பிடித்தார். லேசாக எண்ணெய்ப் பசை. மற்றபடி பால் போல வெள்ளை.

“ரெண்டும் சுத்தம்னா, கழுவிக் கழுவிப் போட்டுக்கிறதுதான் நமக்கு லாபம்” என்று அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். “நான் தோத்தேன். எண்ணெயே இருக்கட்டும். நாளைக்குக் காலையில எழுதிக் கப்பல்ல குடுத்துர்றேன்.”

வாஹித் பாய்க்கு உள்ளூர ஏமாற்றம்தான், ஆனாலும் “உஸ்தாத்! மீசை தப்பிச்சிருச்சு!” என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். யாரோ விசிலடித்தார்கள். குழந்தைவேலுவுக்குத் தலைகால் புரியவில்லை. கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் ஒரு வேலையும் இல்லாமலே அதுவரை ஒரு நடை ஓட்டிக்கொண்டு போய், ஹார்ன் அடித்துக்கொண்டே திரும்பி, வீட்டு வாசலில் இறங்கினார்.

சந்திரமதி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

“என்னா புள்ள சிரிப்பு? ஜெயிச்சிட்டு வந்திருக்கேன்.”

“கண்ணாடியில பாருங்க. அறுவது வயசுக் கெழவனாட்டம் ஆயிட்டீங்க!”

பார்த்தார். காலையில் எண்ணெய் போட்டு நீவிய மீசை முழுக்க வெள்ளைவெளேர் என்றிருந்தது. அவருக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அடுக்குத் தும்மல், ஒன்று, இரண்டு, நாலு.

“பாத்தீங்களா? மீசையில ஒட்டுனதே இம்புட்டு. மூக்குக்குள்ள போனது எம்புட்டோ” என்றாள் சந்திரமதி.

சும்மா சொன்னாள். ஆனால் குழந்தைவேலுவின் சிரிப்பு அப்படியே நின்றது. மீசையை விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டில் அந்த விரலைத் துடைத்தார். துண்டில் ஒன்றுமே தெரியவில்லை.

சிவகங்கையில் செம்மண். கட்சாலில் பவளப் பொடி. வெள்ளைத் துணியில் வெள்ளைத் தூசி எங்கே தெரியும்? அட மடையா!

“புள்ள, அந்த ஓட்டைக் குடைய எடு.”

காரணம் கேட்காமல் அவள் எடுத்துக் கொடுத்தாள். கறுப்புத் துணியை நீளமாக இரண்டு துண்டு கிழித்துக்கொண்டு லாரிக்கு ஓடினார். மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. குழாய் மூடியைக் கழற்றி, கைக்குட்டை தொடாத உள்மூலைவரை விட்டுத் துடைத்து, கையை வெளியே எடுத்தார். கறுப்புத் துணியில் திருநீற்றுப் பட்டை போட்டதுபோல மூன்று விரல் தடம்.

அவர் விட்டுவிடவில்லை. குழாயை மறுபடி பளிச்சென்று துடைத்தார். சோதனைக்குப் போட்டிருந்த காகித ஃபில்டரை மாட்டினார். ஜெட்டிக்கு இரண்டு நடை, வேண்டுமென்றே தூசியைக் கிளப்பிக்கொண்டு ஓட்டினார். இரண்டாவது துண்டால் துடைத்தார். அது கறுப்பாகவே வந்தது. காகிதமும் தோற்றுப் போகவேண்டுமே என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறுப்புத்தான்.

படிக்கட்டில் வந்து உட்கார்ந்தவர் இரண்டு துண்டையும் அவளிடம் நீட்டினார். நடந்ததைச் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் இன்னொன்றையும் சொன்னார்.

“போன வருசம் ரிங்கு தேஞ்சது பழைய டிரைவரால இல்ல சந்திரா. நான்தான் வாராவாரம் கழுவிக் கழுவி, வெயில் காலம் பூரா என்ஜினுக்கு மண்ண ஊட்டியிருக்கேன்.”

சந்திரமதியின் கை தானாக உச்சந்தலைக்குப் போயிற்று, வாளி சுமந்த இடத்துக்கு.

“இது யாருக்குத் தெரியும்?”

“உனக்கும் எனக்கும்.”

“சொல்லாம விட்டா?”

“மீசை இருக்கும். அடுத்த வருசம் லாரி படுத்துரும்.”

அவள் எழுந்து உள்ளே போனாள். அவர் குனிந்தபடியே இருந்தார். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு கிண்ணம் தண்ணீர், சோப்பு, ரேசர், கண்ணாடி.

“நிமிருங்க, கண்ணாடிய நான் புடிச்சிக்கிறேன்” என்றாள்.

மறுநாள் காலை ஆபீஸில் ஜெகநாதன் எழுதி முடித்த தாளில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தார். வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து வாஹித் பாய், “அரே, கோன் ஹை? யாருங்க வேணும்?” என்றார். அடுத்த நொடி, “யா அல்லா!” என்று வாயைப் பிளந்தார்.

மேலுதடு உரித்த பனங்கிழங்கு போல இருந்தது. குழந்தைவேலு விறைத்து நின்று, இரண்டு கறுப்புத் துண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “இது எண்ணெய் வலை. இது பேப்பரு. வெள்ளைத் துணியில நம்ம ஊரு தூசி தெரியாது சார். போன வருசம் வண்டி படுத்ததுக்கும் நான்தான் காரணம். பழைய டிரைவரச் சொன்னது தப்பு.”

ஜெகநாதன் துண்டுகளை எடுத்துப் பார்த்தார். பிறகு தம் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறினார். வெளிச்சத்தில் பொடி புகையாகக் கிளம்பியது. அவர் முகம் சிவந்துவிட்டது. “ஒரு மாசம் இதை வச்சுக்கிட்டு நான் என்ன பாத்தேன்? படிச்சவன் நான்... எனக்குத் தோணலையே.”

“உங்க ஊரு மண்ணுக்கு அது சரிதான் சார்.”

“அப்போ பேப்பரே எழுதிரட்டுமா?”

“வருசம் பூராவுக்கும் வேணாம்.” உதட்டின் மேல் முறுக்க ஒன்றுமில்லை, ஆனாலும் விரல் போய்த்தான் வந்தது. “நாலு மாசம் வெயிலுக்குப் பேப்பரு போடுவோம். மழை எறங்குனா ரோட்டுல தூசி ஏது? அப்போ பேப்பரு ஊறிப்போயி என்ஜின் மூச்சுத் திணறும். அதுக்கு என் வலை. பேப்பர மட்டும் மார்கழிக் கப்பல்ல அனுப்பச் சொல்லுங்க, முன்னாடியே வந்தா பூஞ்சை புடிக்கும்.”

ஜெகநாதன் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்து, “சொல்லியிருந்தாலே போதுமே. மீசைய ஏன்யா எடுத்தீங்க?” என்றார்.

“அது மூணு மாசத்துல வளந்துரும் சார். ரிங்கு வளருமா?”

வாஹித் பாய் எழுந்து, தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார்.

கப்பலுக்குத் தபால் பையை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியது. ரோட்டோரமாகப் பால் வெட்டி முடித்துப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். வாளிகள் எல்லாம் லாரியின் பின்னால் இருந்தன, தலைகள் காலியாக இருந்தன. டிரைவர் சீட்டைப் பார்த்த ஒருத்தி, “யாருடி அது, புது டிரைவரா?” என்று கேட்டாள்.

சந்திரமதி இரண்டு பட்டை துணி இல்லாத குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், நின்றாள்.

“என் வீட்டுக்காரரு!” என்று லாரிச் சத்தத்துக்கும் மேலே கத்தினாள்.